‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ - புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ மொத்தம் 85 எபிசோடுகள். ஒவ்வொன்றும் சுமார் 22 நிமிடம். 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1995 செப்டம்பரில் முடிந்தது. புதிதாகப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் முதல் எபிசோடைப் போட்டு வரிசையாக ஓட்டுகிறார்கள். எட்டு, பத்து எபிசோடுகளுக்குள் “பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன்தானே இது” என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிகச் சிறந்த எபிசோடும் மிகச் சாதாரணமான எபிசோடும் இந்தத் தொடரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. டிவிடி வரிசையில் 13-ஆவதாக வரும் ‘ஐ’வ் காட் பேட்மேன் இன் மை பேஸ்மென்ட்’ தொடரிலேயே பலவீனமானவற்றில் ஒன்று. அடுத்ததாக 14-ஆவது இடத்தில் இருப்பது ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’. தொலைக்காட்சி அனிமேஷனைப் பற்றி யார் பேசினாலும் அந்தப் பெயர் வந்துவிடும்.

ஆகவே, எதை எந்த வரிசையில் பார்ப்பது, எப்படிப்பட்ட திரையில் பார்ப்பது, பார்க்கும்போது கவனத்தை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. பேட்மேன் எப்படி ஜெயிக்கிறான் என்பதற்காக இதைப் பார்க்க வேண்டாம். அவன் ஜெயிப்பான் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். எதிரே நிற்கும் மனிதனுக்கு என்ன இழப்பு நேர்ந்தது, அந்த இழப்பு அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் ஒவ்வொரு நல்ல எபிசோடின் கதையும். சிறு வயதில் பெற்றோரைப் பறிகொடுத்த பேட்மேனும் அப்படி ஒரு இழப்பில் உருவானவன்தான் என்பதால் ஒவ்வொரு சண்டையிலும் இரண்டு காயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் தொடர் வேறு விதமாகத் திறக்கும்.

திரையைச் சரிசெய்தல்

முதல் வேலை டிவி அமைப்பு. தொடர் 4:3 அளவில் எடுக்கப்பட்டது, அதாவது பழைய டிவிப் பெட்டியின் வடிவம். இன்றைய 16:9 திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். பட்டை பிடிக்கவில்லை என்று ரிமோட்டில் படத்தை இழுத்து நிரப்பினால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். பேட்மேனின் நீண்ட தாடையும் கதை நடக்கும் கோத்தம் நகரத்தின் உயரமான கோபுரங்களும் சப்பையாகத் தெரியும். ‘ஸூம்’ போட்டால் மேலும் கீழுமாகப் படத்தில் கால் பங்கு வெட்டுப்படும். இந்தத் தொடரின் காட்சி அமைப்பு முழுக்க செங்குத்தானது. கோபுர உச்சியில் நிற்கும் உருவம், கீழே பாதாளம் போலத் தெரு. வெட்டுப்படுவது அதுதான். பட அளவை ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ என்று வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைப்பது. டிவி கம்பெனிக்குக் கம்பெனி இதற்குப் பெயர் மாறும். பட அமைப்பில் ‘மோஷன்’ என்று தொடங்கும் பகுதிக்குள் பாருங்கள். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 12 ஓவியங்கள். டிவி இடையில் தானாக ஃபிரேம்களை உருவாக்கிச் செருகினால் அடி விழும் வேகமும் பேட்மேனின் தோளிலிருந்து தொங்கும் கேப் விரியும் கனமும் போய், உருவங்கள் தண்ணீருக்குள் நகர்வதுபோல மிதக்கும். ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ வசதியையும் அணைத்துவிடுங்கள். படத்தில் தெரியும் மெல்லிய துகள்கள் ஃபிலிமில் எடுத்ததால் வருபவை. அவற்றைத் துடைக்கப் போனால் கோடுகளும் சேர்ந்து மழுங்கும்.

வெளிச்சத்தைக் கூட்ட வேண்டாம், அறை விளக்கைக் குறையுங்கள். கோத்தம் ஏன் அவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. வழக்கமாகப் பின்னணி ஓவியங்களை வெள்ளைத்தாளில் வரைந்து நிழலைச் சேர்ப்பார்கள். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான எரிக் ராடோம்ஸ்கி, கறுப்புத் தாளில் வெளிச்சத்தை மட்டும் தீட்டும் முறையைக் கொண்டுவந்தார். சன்னலில் கசியும் மஞ்சள், சிவந்த வானம், கட்டட விளிம்பில் ஒரு கோடு, மிச்சமெல்லாம் தாளின் கறுப்பு. பகலில் சன்னல் திறந்த அறையில் பார்த்தால் இந்த வேலைப்பாடு கண்ணுக்கே வராது.

எந்தப் பிரதியைப் பார்ப்பது? 2018-இல் வெளியான ப்ளூ-ரே தொகுப்பு, படத்தைப் புதிதாகச் சுத்தம் செய்து 4:3 அளவிலேயே தந்தது. ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவர்கள், தங்கள் நாட்டில் கிடைக்கும் பிரதி அந்தச் சுத்தம் செய்ததுதானா என்று ஓர் இருட்டுக் காட்சியை ஓடவிட்டுப் பாருங்கள். தூசியும் கீறலும் நிறையத் தெரிந்தால் அது பழைய பிரதி.

ஒலி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். மூல ஆங்கிலக் குரலில்தான் பார்க்க வேண்டும். வசனம் பிடிபடக் கஷ்டமாக இருந்தால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம். டிவியின் சிறிய ஸ்பீக்கரைவிட ஒரு சாதாரண ஹெட்போனே மேல்.

முதல் பதின்மூன்று

85-ஐயும் வரிசையாக ஓட்டுவதற்கு முன் கீழே உள்ள 13 எபிசோடுகளை இந்த வரிசையில் பாருங்கள். ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காக நாளுக்கு ஒன்று என்று ஒளிபரப்பிய தொடர் இது. முதலில் தயாரித்த 65 எபிசோடுகள், வாரத்துக்கு ஐந்து வீதம் 13 வாரத்துக்குப் போதுமான கணக்கு. தொடர்ந்து ஆறேழு பார்த்தால் கதை கட்டும் விதம் திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றும், இசையும் காதில் பழகி மங்கும். ஒரு அமர்வுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.

‘ஆன் லெதர் விங்ஸ்’ - முதலில் தயாரித்தது இதுதான். ஆனால் முதலில் ஒளிபரப்பானது ‘தி கேட் அண்ட் த கிளா’வின் முதல் பகுதி, 1992 செப்டம்பர் 5 அன்று. அந்த ஆண்டு வந்த பேட்மேன் திரைப்படத்தில் கேட்வுமன் இருந்ததால், அவள் வரும் இந்தக் கதையை இப்படி முன்னே தள்ளினார்கள். இணையத்தில் இரண்டு விதமான வரிசைகள் உலவுவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். டிவிடி, ப்ளூ-ரே இரண்டும் தயாரிப்பு வரிசையைப் பின்பற்றுபவை. இந்த எபிசோடில் ஹார்வி டென்ட் என்ற அரசு வழக்கறிஞர் வந்துபோவார், அவர் முகத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘ப்ரெட்டி பாய்சன்’ - ஹார்வி, ப்ரூஸ் வெய்னின் (முகமூடி இல்லாத பேட்மேனின்) நெருங்கிய நண்பர் என்று இங்கே தெரிகிறது. பாய்சன் ஐவி என்ற வில்லி அறிமுகம்.

‘டூ-ஃபேஸ்’, இரண்டு பகுதிகள் - முந்தைய இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஹார்வி வில்லனாக மாறுவதைத் திடீரென்று பார்த்தால் அது ஒரு வேடம். சிரித்துப் பேசிய நண்பனாக இரண்டு முறை பார்த்தபின் பார்த்தால் அது ஒரு மரணம். முதல் பகுதியின் முடிவில் மருத்துவமனைக் காட்சியைக் கவனியுங்கள். எதைக் காட்டாமல் விடுகிறார்கள், எப்போது காட்டுகிறார்கள் என்பதில்தான் அதன் பலம்.

‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ - எழுதியவர் பால் டினி, இயக்கியவர் தொடரின் மற்றொரு கர்த்தாவான ப்ரூஸ் டிம். மிஸ்டர் ஃப்ரீஸ் அதற்குமுன் காமிக்ஸில் பனித்துப்பாக்கி வைத்திருக்கும் மூன்றாந்தர வில்லன், அவ்வளவே. நோரா என்ற மனைவியும், அவள் உயிரைக் காக்க நடந்த ஆய்வும், அது கலைக்கப்பட்ட விதமும் இந்த எபிசோடுக்காக எழுதப்பட்டவை. பிறகு காமிக்ஸே அதை ஏற்றுக்கொண்டது. மைக்கேல் அன்சாராவின் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. துக்கத்தைக் குரலில் கொட்டாமல், எல்லா உணர்ச்சியையும் வடித்துவிட்டுப் பேசுகிறார். அதனால் துக்கம் இருமடங்காகிறது. எபிசோடின் தொடக்கத்தில் வரும் பனி உருண்டை பொம்மையையும், பேட்மேனின் வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட் கொடுத்தனுப்பும் சூப்பையும் மறக்காதீர்கள். இரண்டும் பின்னால் வேலைக்கு வரும். 22 நிமிடத்தில் ஒரு பொருளையும் வீணாக்காத திரைக்கதைக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

‘பிவேர் தி கிரே கோஸ்ட்’ - 1960-களின் பேட்மேன் தொடரில் நடித்த ஆடம் வெஸ்ட், இதில் மறக்கப்பட்ட ஒரு பழைய டிவி நாயக நடிகனுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். அந்தப் பின்னணி தெரிந்து பார்த்தால் ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை கேட்கும்.

‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’ - சாலையில் எரிச்சலில் ஒரு காரோட்டியைத் திட்டிவிடும் சாதாரணக் குடும்பஸ்தன் சார்லி காலின்ஸ். திட்டு வாங்கியது ஜோக்கர். ஜோக்கர் எப்படிப்பட்ட பயம் என்பதைக் குண்டுவெடிப்புகளைவிட இந்த மனிதனின் நடுங்கும் கை நன்றாகச் சொல்கிறது. ஹார்லி க்வின் என்ற பாத்திரம் உலகில் முதன்முதலாக வந்தது இங்கேதான். ஒரு எபிசோடில் வந்துபோகும் துணையாளாகத்தான் உருவாக்கினார்கள். குரல் கொடுத்த ஆர்லீன் சோர்கின் அவளைத் தங்கவைத்துவிட்டார்.

‘ஃபீட் ஆஃப் க்ளே’, இரண்டு பகுதிகள் - இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டும்.

‘பெர்சான்ஸ் டு ட்ரீம்’ - ப்ரூஸ் வெய்ன் ஒருநாள் காலையில் கண் விழிக்கிறான். பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். பேட்மேன் வேறு யாரோ. இதற்குமேல் தெரிந்துகொள்ளாமல் பாருங்கள்.

‘ராபின்ஸ் ரெக்கனிங்’, இரண்டு பகுதிகள் - பேட்மேனின் இளம் துணைவன் ராபினின் கதை. முதல் பகுதி 1993-இல் பெரியவர்களுக்கான நேர நிகழ்ச்சிகளுக்குரிய எம்மி விருதைப் பெற்றது. ஒரு மாலைநேரப் பிள்ளைகள் கார்ட்டூன் அந்தப் போட்டிக்கே எப்படிப் போனது என்றால், ஃபாக்ஸ் சில மாதங்கள் இந்தத் தொடரை ஞாயிறு இரவிலும் ஒளிபரப்பியது, இந்த எபிசோடு அப்படி வந்த ஒன்று.

‘ஆல்மோஸ்ட் காட் ’இம்’ - வில்லன்கள் சீட்டாடிக்கொண்டே, பேட்மேனை யார் கொல்லும் தறுவாய்வரை கொண்டுபோனார்கள் என்று பெருமை பேசுகிறார்கள். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அவர்களை முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் நகைச்சுவை முழுதாகச் சேரும். இதையே முதலில் பார்க்கச் சொல்லிப் பலர் பரிந்துரைக்கிறார்கள். வேண்டாம்.

இரண்டு பகுதிக் கதைகள் தொடர் முழுக்க ஏழு. எதையும் பாதியில் நிறுத்தி மறுநாளுக்கு வைக்காமல் 44 நிமிடத்தை ஒரே மூச்சில் பாருங்கள்.

கை மாறினால் படம் மாறும்

ஒரு எபிசோடு பளிச்சென்றும் அடுத்தது பொம்மை அசைவதுபோலவும் இருப்பதைப் புதியவர்கள் சீக்கிரமே கவனிப்பார்கள். கதை, வடிவமைப்பு, ஸ்டோரிபோர்டு (காட்சிகளின் முன்வரைவு) எல்லாம் அமெரிக்காவில் நடந்தன. ஆனால் அசைவை வரைந்தது பெரும்பாலும் ஜப்பான், கொரியா நாடுகளின் வெவ்வேறு ஸ்டூடியோக்கள். 65 எபிசோடுகளை ஒரே ஸ்டூடியோ குறுகிய காலத்தில் செய்யவே முடியாது. ப்ரூஸ் டிம் உருவங்களை மிகக் குறைந்த கோடுகளில் வடிவமைத்ததும் இதை மனத்தில் வைத்துத்தான். கோடு குறைந்தால் யார் வரைந்தாலும் உருவம் குலையாது, அசைவுக்கு அதிக ஓவியம் செலவழிக்கலாம்.

இதை நேரில் புரிந்துகொள்ளத்தான் ‘ஃபீட் ஆஃப் க்ளே’. முதல் பகுதியை வரைந்தது ஏகாம் என்ற கொரிய ஸ்டூடியோ, இரண்டாம் பகுதியை வரைந்தது டோக்கியோவின் டிஎம்எஸ். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் பகுதியில் முகங்கள் காட்சிக்குக் காட்சி மாறும், நடை விறைப்பாக இருக்கும். இரண்டாம் பகுதியின் இறுதியில், களிமண் உடல் கொண்ட வில்லனாகிவிட்ட நடிகன் க்ளேஃபேஸ் தான் நடித்த வேடங்கள் அத்தனையாகவும் கட்டுப்பாடின்றி உருமாறும் காட்சி வரும். அதை ஒருமுறை ஒலியோடும் ஒருமுறை ஒலியில்லாமலும் பாருங்கள். களிமண் கனத்தோடு வழிவதும், ஒரு உருவம் முடியும்முன் அடுத்தது பிதுங்குவதும் அனிமேஷனில் மட்டுமே சாத்தியமான நடிப்பு. தொடரின் தொடக்கக் காட்சியும் டிஎம்எஸ் வேலைதான்.

எபிசோடு முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஸ்டூடியோவின் பெயர் இருக்கும், பார்த்துப் பழகுங்கள். டிஎம்எஸ், ஸ்பெக்ட்ரம் என்று இருந்தால் கண்ணை எடுக்காதீர்கள். ‘ஆன் லெதர் விங்ஸ்’, ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ இரண்டும் ஸ்பெக்ட்ரம். ஏகாம் என்று இருந்தால் கதைக்காகப் பாருங்கள். ‘கேட் ஸ்கிராட்ச் ஃபீவர்’, ‘மூன் ஆஃப் த வுல்ஃப்’ போன்றவற்றில் கதையும் கைகொடுக்காததால் அவற்றைத் தாராளமாகத் தள்ளிவைக்கலாம்.

காதால் பார்ப்பது

தொடக்கக் காட்சியில் தொடரின் பெயர்கூட எழுத்தில் வராது. ஒரு நிமிடக் குட்டிப்படம், வசனமே இல்லை. அந்த இசை, டேனி எல்ஃப்மன் 1989 பேட்மேன் திரைப்படத்துக்குப் போட்டதிலிருந்து வந்தது. எபிசோடுக்குள் நீங்கள் கேட்பது பெரும்பாலும் வேறு ஒருவருடையது. அந்தத் திரைப்படத்தின் இசைக்குழுவை நடத்திய ஷெர்லி வாக்கர்தான் தொடரின் இசைப் பொறுப்பாளர். பேட்மேனுக்குத் தனியாக ஒரு மெட்டு எழுதினார், முக்கியமான வில்லன்களுக்கும் தனித்தனி மெட்டுகள். டிவி கார்ட்டூன்கள் ஒரு சில இசைத்துண்டுகளையே வெட்டி ஒட்டிப் பயன்படுத்திய காலத்தில், ஒவ்வொரு எபிசோடுக்கும் புதிதாக எழுதி, ஆர்கெஸ்ட்ராவை உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்தார்கள்.

பயிற்சி எளிது. ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் தலைப்போடு ஒரு ஓவியம் சில நொடிகள் நிற்கும். அதைத் தாண்டி ஓட்டாதீர்கள். அந்தக் கதைக்கான மெட்டு பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடும். அதைப் பிடித்துக்கொண்டால், கதை நடுவில் அதே மெட்டு மெதுவாகவோ உடைந்தோ திரும்பி வருவது காதில் விழும். பாத்திரம் திரையில் வருவதற்கு முன்பே இசை அறிவித்துவிடுவதும் உண்டு.

குரல்களுக்கு வருவோம். இயக்கியவர் ஆண்ட்ரியா ரொமானோ. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசவைத்து ஒட்டாமல், முடிந்தவரை எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி வானொலி நாடகம் போலப் பேசவைத்தார். ஒருவர் வசனத்தை இன்னொருவர் வெட்டிப் பேசும் இடங்களில் அது தெரியும். கெவின் கான்ராய் ப்ரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல் என்று பிரித்தார். சாதாரணமாகக் கேட்டால் ப்ரூஸின் இலகுவான குரல்தான் அசல், பேட்மேனின் தாழ்ந்த குரல் வேடம் என்று தோன்றும். ஆல்ஃப்ரெடிடம் தனியாக இருக்கும்போது அவன் எந்தக் குரலில் பேசுகிறான் என்று கேளுங்கள். வேடம் எது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. மார்க் ஹாமிலின் ஜோக்கர் சிரிப்பையும் வெறும் சிரிப்பாகக் கேட்காமல், இந்தச் சிரிப்பு கோபமா, சலிப்பா, அவமானத்தை மறைப்பதா என்று கேட்டுப் பாருங்கள். ‘த லாஃபிங் ஃபிஷ்’ இதற்கு நல்ல எபிசோடு.

காட்டாமல் காட்டுவது

பிள்ளைகள் நேரத்து நிகழ்ச்சி என்பதால் ரத்தத்தையும் கொலையையும் நேராகக் காட்ட முடியாது. பலருக்கு இது குறையாகத் தெரியும். எங்களுக்குத் தொடரின் இயக்குநர்கள் கூர்மை அடைந்ததே இதனால்தான் என்று தோன்றுகிறது. ‘ராபின்ஸ் ரெக்கனிங்’ முதல் பகுதியில் சர்க்கஸ் காட்சியைப் பாருங்கள். ராபினின் பெற்றோர் விழுவதைக் காட்டுவதில்லை. அறுந்த கயிறு மட்டும் ஊசலாடிக்கொண்டு திரையில் வரும். கூட்டத்தின் ஒலி மிச்சத்தைச் சொல்லும். ஜோக்கரின் விஷம் கொல்வதற்குப் பதிலாக முகத்தில் இளிப்பை உறையவைப்பதும் இதே வழியில் பிறந்தது.

துப்பாக்கி மட்டும் நிஜத் துப்பாக்கியாகவே இருக்கும். அக்காலத்தின் வேறு பல கார்ட்டூன்களில் கதிர்வீச்சுத் துப்பாக்கிதான். இங்கே 1930-களின் குண்டர்கள் வைத்திருந்த டாமி கன், அதே காலத்துக் கார்கள், கறுப்பு வெள்ளை டிவி, வானில் போலீஸ் ஆகாயக் கப்பல், பேட்மேனின் குகையில் கணினி. எந்த ஆண்டு என்று தேடிக் குழம்ப வேண்டாம். 1940-களில் ஃப்ளைஷர் ஸ்டூடியோ எடுத்த சூப்பர்மேன் குறும்படங்களின் தோற்றத்தை விரும்பி, காலமே இல்லாத ஒரு நகரமாகக் கோத்தத்தைக் கட்டினார்கள்.

சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘ட்ரீம்ஸ் இன் டார்க்னஸ்’, ‘நத்திங் டு ஃபியர்’ போன்ற, பயத்தையே ஆயுதமாக்கும் வில்லன் ஸ்கேர்க்ரோவின் கதைகளையும் ‘டூ-ஃபேஸ்’ கதையையும் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்து முடிவு செய்யுங்கள். ரத்தம் இல்லாவிட்டாலும் பயம் நிஜமானது.

அதன் பிறகு

13-உம் பிடித்திருந்தால் தொடக்கத்துக்குத் திரும்பித் தயாரிப்பு வரிசையில் போகலாம். இரண்டாவதாகவே ‘கிறிஸ்துமஸ் வித் த ஜோக்கர்’ வரும், அதைத் தள்ளிவைத்து டிசம்பரில் பாருங்கள். ‘த அண்டர்ட்வெல்லர்ஸ்’, ‘த ஃபர்காட்டன்’, ‘ப்ராஃபெஸி ஆஃப் டூம்’ மூன்றையும் விட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் பெரிய வில்லன் யாரும் இல்லாத எபிசோடுகளைத் தவறவிடாதீர்கள். ஒரே சம்பவத்தை மூன்று போலீஸார் மூன்று விதமாகச் சொல்லும் ‘பி.ஓ.வி.’, வயதான குண்டர் தலைவனைப் பற்றிய ‘இட்ஸ் நெவர் டூ லேட்’, பேட்மேனைக் கொன்றுவிட்டதாக நினைக்கும் அப்பாவி அடியாளைப் பற்றிய ‘த மேன் ஹூ கில்ட் பேட்மேன்’. தொடரின் நல்ல பாதி இவற்றில்தான் ஒளிந்திருக்கிறது.

முதல் 65 முடிந்ததும் ‘பேட்மேன்: மாஸ்க் ஆஃப் த ஃபான்டாஸம்’ திரைப்படத்துக்கு வாருங்கள். 1993 டிசம்பர் 25 அன்று திரையரங்குகளில் வந்தது. டிவியின் கட்டுப்பாடு தளர்ந்ததால் இங்கே மரணத்துக்கு நேரான எடை உண்டு. ப்ரூஸ் தன் பெற்றோரின் கல்லறை முன் மழையில் நின்று பேசும் காட்சியில் கான்ராயின் குரலைக் கேட்க வேண்டும். அவர் 2022-இல் மறைந்தபோது பலர் நினைவுகூர்ந்த காட்சி அது.

அடுத்த 20 எபிசோடுகள் ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பேட்மேன் அண்ட் ராபின்’ என்ற பெயரில் வந்தவை. தனித் தொடர் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். ‘பேபி-டால்’, ‘ஹவுஸ் அண்ட் கார்டன்’ அதில்தான் இருக்கின்றன. மிஸ்டர் ஃப்ரீஸ் திரும்பி வரும் ‘டீப் ஃப்ரீஸ்’ பார்த்த பிறகு, 1998-இல் வந்த ‘ஸப்ஸீரோ’ படத்தைப் பார்க்கலாம்.

1997-இல் தொடங்கிய ‘த நியூ பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்’ 24 எபிசோடுகள். ப்ளூ-ரே தொகுப்பில் அதுவும் சேர்ந்தே இருப்பதால் மொத்தம் 109 என்று கணக்கு வரும். அங்கே போகும்போது உருவங்கள் எல்லாம் மாறியிருக்கும். கோடுகள் இன்னும் கூர்மை, ஜோக்கரின் கண்கள் கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள், ராபின் வேறு ஒரு சிறுவன். பழைய முகங்களை எதிர்பார்த்துப் போனால் முதல் எபிசோடிலேயே மனம் ஒட்டாது. அதனால் அங்கே முதல் எபிசோடிலிருந்து தொடங்காமல் ‘ஓவர் தி எட்ஜ்’, ‘மேட் லவ்’ இரண்டையும் முதலில் பாருங்கள். ‘மேட் லவ்’ ஹார்லி எப்படி ஹார்லி ஆனாள் என்ற கதை என்பதால், அதற்கு முன் ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’, ‘ஹார்லி அண்ட் ஐவி’, ‘ஹார்லிகுவினேட்’ மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.